தோட்டக் கேள்வி பதில்: பனி விழுமுன் பழுக்குமா தக்காளி?

மார்ச் வந்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதி தக்காளியைப் பற்றித்தான். இந்த முறை கனடாவின் மேற்கே, அல்பேர்ட்டா மாகாணத்தின் கல்கரி, எட்மன்டன் பக்கத்துக் கேள்விகளையே கூடுதலாக எடுத்திருக்கிறேன். ரொறன்ரோக்காரர் கோபிக்க வேண்டாம். உங்களுக்கு மே நடுவில் பிடித்து ஒக்டோபர் வரை கோடை இழுபடும், எதை நட்டாலும் ஏதோ காய்க்கும். எங்களுக்கு அப்படி இல்லை.

போன வருடம் என் தக்காளிச் செடி ஆறடிக்கு வளர்ந்து வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தது. காயும் நிறைய. ஆனால் ஒன்றுகூடப் பழுக்கவில்லை, செப்டெம்பர் நடுவில் ஒரே இரவில் இலையெல்லாம் கறுத்து அவித்த கீரை மாதிரித் தொங்கிவிட்டது. என்ன பசளை போட்டால் கெதியாகப் பழுக்கும்? (வடகிழக்குக் கல்கரி வாசகி)

அக்கா, பசளையில் பிழை இல்லை. கணக்கில்தான் பிழை. கல்கரியில் கடைசி உறைபனி சராசரியாக மே 20ஐ ஒட்டிப் போகும், அடுத்த உறைபனி செப்டெம்பர் நடுவில் வந்துவிடும், நடுவில் நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 115 நாள். அதிலும் ஊர் கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருப்பதால் யூலையில்கூட இரவு 10 பாகைக்கு இறங்கிவிடும். பகலில் 25 பாகை வெயிலைப் பார்த்துவிட்டு நாம் கோடை என்று நினைக்கிறோம், தக்காளிக்கு இரவும் கணக்கு.

இப்போது நீங்கள் நட்டதைப் பார்ப்போம். ஆறடி வளர்ந்தது என்றால் அது கொடித் தக்காளி, பெரிய பழ ரகமாக இருக்கும், பைக்கற்றில் 80 அல்லது 85 நாள் என்று போட்டிருப்பார்கள். அந்த நாள் விதை போட்ட நாளில் இருந்து எண்ணுவது இல்லை, நாற்றை நிலத்தில் நட்ட நாளில் இருந்து எண்ணுவது. இது பலருக்குத் தெரியாது. அதுவும் இரவு சூடாக இருக்கும் இடத்துக் கணக்கு. நம் ஊர்க் குளிர் இரவுக்கு நான் எப்போதும் 10, 15 நாள் கூட்டிக்கொள்வேன். யூன் 1 நட்டால், 85உம் 15உம் 100, செப்டெம்பர் 9ஆம் திகதிதான் முதல் பழம் சிவக்கும். முதல் பழம்! மற்றதெல்லாம் பச்சையாக நிற்கும்போது பனி வந்துவிடும்.

எனக்கு இது 2014இல் உறைத்தது. செப்டெம்பர் 8ஆம் திகதி தொடங்கி மூன்று நாள் பனி கொட்டியது, இலை உதிராமல் நின்ற மரங்கள் பாரம் தாங்காமல் ஊர் முழுக்க முறிந்து விழுந்தன, நான் இரவில் ரோர்ச் அடித்துக்கொண்டு கை விறைக்க விறைக்கப் பச்சைக் காய்களைப் பிடுங்கினேன். 40க்கு மேல் இருந்தது. அடுத்த வருடமே செடித் தக்காளிக்கு மாறிவிட்டேன்.

செடித் தக்காளி என்றால் புதர் மாதிரி இரண்டு, மூன்று அடியில் நின்றுவிடுவது. கொடி ரகத்தில் ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூன்று இலை விடும், இப்படியே முடிவில்லாமல் மேலே போய்க்கொண்டிருக்கும். செடி ரகத்தில் அந்த இடைவெளி குறைந்து குறைந்து கடைசியில் நுனியே பூங்கொத்தாக முடிந்துவிடும், அதற்கு மேல் வளர இடமே இல்லை. 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தோட்டத்தில் தானாகத் தோன்றிய மரபணு மாற்றம் இது, இன்றைக்கு இயந்திரத்தால் அறுவடை செய்யும் தக்காளி வயல் எல்லாம் அதன் வாரிசுதான். நமக்கு இதில் என்ன லாபம் என்றால், செடி தன் பலத்தை உயரத்தில் செலவழிக்காமல் ஒரே நேரத்தில் பூத்து, ஒரே நேரத்தில் காய்த்து, இரண்டு மூன்று கிழமைக்குள் எல்லாவற்றையும் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். கோடை குட்டையான ஊருக்கு அதுதான் வேண்டும். பைக்கற்றில் 'புஷ்' அல்லது 'டிடர்மினேட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ரகம் கேட்டால் முதலில் 'சப் ஆர்க்டிக் பிளென்ரி'. அல்பேர்ட்டாவின் வடமேற்கில், கிராண்ட் பிரெய்ரிக்கு மேற்கே பீவர்லொட்ஜ் என்ற ஊரில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சிப் பண்ணையில் உருவானது, அதாவது கல்கரியைவிடக் குளிரான இடத்தில் பிறந்த பிள்ளை. பழம் சிறியது, 55 நாளுக்குள் வரும். நம் 15ஐக் கூட்டினாலும் ஓகஸ்ட் இரண்டாம் கிழமை கையில் பழம். 'மனிரோபா' என்று ஒன்று, 1956இல் அதே பெயருள்ள மாகாணத்தின் மோர்டன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்தது, பழம் கொஞ்சம் பெரிது, சில நாள் கூடப் பிடிக்கும். நோவா ஸ்கோஷியாவில் உருவான 'ஸ்கோஷியா'வும் நல்லது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் 'ஓரிகன் ஸ்பிரிங்' பற்றிக் கீழே சொல்கிறேன். 'ஏர்லி கேர்ள்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கெதியாகக் காய்க்கும் என்பது உண்மை, ஆனால் அது கொடி.

ருசி பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முந்திப் பழுக்கும் ரகங்கள் பெரும்பாலும் புளிப்பு, தோலும் கொஞ்சம் தடிப்பு. சலாட்டுக்கு வெட்டி வைத்து ஆகா என்று சொல்ல முடியாது. ரசத்துக்கும் சொதிக்கும் அந்தப் புளிப்பே போதும், எங்கள் வீட்டில் கோடை முழுக்கப் பழப்புளி பாதிதான் செலவாகும்.

ஊரில் இருந்து அம்மா பி.கே.எம். 1 விதை அனுப்புகிறேன் என்கிறார். அதுவும் குட்டைச் செடிதானே, இங்கே நடலாமா? (எட்மன்டன் வாசகர்)

தம்பி, குட்டை என்பது சரி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் இருந்து எடுத்த ரகம் அது, காம்படியில் பச்சைத் திட்டோடு தட்டையாக இருக்கும், புளிப்புக்குப் பெயர் போனது. ஆனால் அதன் முழு வயது சுமார் 135 நாள், அதுவும் தேனி மாவட்டத்து வெயிலில். குட்டையாக இருப்பது வேறு, முந்திப் பழுப்பது வேறு. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஆசைக்கு ஒரு கன்றைச் சாடியில் வைத்து, குளிர் வந்ததும் வீட்டுக்குள் தூக்கலாம் என்றால் வையுங்கள், அதை நம்பித் தோட்டம் போட வேண்டாம்.

அப்புறம், விதையைக் கடித உறையில் மடித்து அனுப்பச் சொல்லாதீர்கள். தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் ஒரு வைரஸ் விதையோடு சேர்ந்தே நாடு விட்டு நாடு பரவுகிறது, அதனால் விதை இறக்குமதிக்கு விதிமுறை இருக்கிறது. கனடிய உணவுப் பரிசோதனை முகமையின் தளத்தில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அம்மாவிடம் விதைக்குப் பதில் மோர்மிளகாய் அனுப்பச் சொன்னால் இரண்டு பேருக்கும் சந்தோசம்.

எப்போது விதை போடுவது? பெப்ரவரியிலேயே போட்டேன், நாற்று நூல் மாதிரி நீண்டு யன்னல் பக்கம் சாய்ந்து விழுகிறது. (ரெட் டீர் வாசகி)

பெப்ரவரி மிக முந்தி. பெரிய செடியாக நட்டால் பெரிய அறுவடை என்று எல்லோருக்கும் ஓர் எண்ணம், கொடி ரகத்துக்கு அது ஓரளவு சரி. செடி ரகத்துக்கு நேர் எதிர். அது வயது வந்ததும் பூத்துவிடும், சின்னக் கோப்பைக்குள் வேர் சுருண்டு கிடக்கும்போதே பூத்துக் காய் பிடித்தால் அதோடு வளர்ச்சி நின்றுபோகும், நிலத்தில் நட்ட பிறகும் நாலு காயோடு ஓர் அடியில் அப்படியே நிற்கும். ஏப்ரல் முதல் பாதியில் போடுங்கள், ஆறு கிழமை போதும், கூடினால் ஏழு.

முளைக்கச் சூடு வேண்டும், 21 முதல் 27 பாகை. பிரிட்ஜின் மேல் தட்டையோ வெப்பப் பாயையோ பாவிக்கலாம். முளை தலை காட்டிய அன்றைக்கே சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள், இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஏப்ரல் மாத யன்னல் வெளிச்சம் போதாது, சாதாரண எல்.ஈ.டி. குழாய் விளக்கை நாற்றுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் உள்ளங்கையால் நாற்றின் தலையை மெதுவாகத் தடவிவிடுவேன், காற்றில் ஆடின மாதிரி அதற்குத் தண்டு தடிக்கும். தடவிவிட்டு விரலைப் பாருங்கள், பச்சை மஞ்சளாகக் கறை பிடித்திருக்கும், கழுவினால் தண்ணீர் மஞ்சளாக ஓடும். தண்டில் இருக்கும் மெல்லிய மயிரில் இருந்து வருவது அது. அந்த மணம் எனக்கு ஊர்த் தோட்டத்து மணம்.

நீண்டுபோன நாற்றை எறிய வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடமெல்லாம் வேர் விடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே ஒரு கொத்து இலை மட்டும் தெரியும்படி புதையுங்கள். நிலத்தில் நடும்போது ஆழக் குழி தோண்டாமல் சாய்த்துப் படுக்க வைத்து மண் போடுங்கள், இங்கே ஆழத்து மண் யூனிலும் சில்லென்றுதான் இருக்கும்.

மே மாதத்தில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்கு நடுவது இங்கே ஒரு சம்பிரதாயம். நான் நாள் பார்ப்பதில்லை, மண்ணைத்தான் பார்ப்பேன். காலையில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் 15 பாகை காட்டாவிட்டால் நட்டுப் பயனில்லை, கன்று ஊதா நிறமாகி முழித்துக்கொண்டு நிற்கும். இரண்டு கிழமை முந்தியே கறுப்புப் பிளாஸ்ரிக் விரித்து வைத்தால் மண் சூடேறும். தெற்குப் பார்த்த சுவரடி கிடைத்தால் விடாதீர்கள். எங்களுக்கு இங்கே பால் 4 லீற்றர் பிளாஸ்ரிக் கலனில் வருகிறது அல்லவா, அதில் தண்ணீர் நிரப்பிக் கன்றைச் சுற்றி நாலைந்து அடுக்கி வையுங்கள், பகல் வெயிலை வாங்கி இரவில் விடும். கன்றைச் சுற்றித் தண்ணீர் நிரப்பி நிறுத்தும் பிளாஸ்ரிக் கூடாரம் கடையில் கிடைக்கும், அது செய்வதும் அதே வேலைதான்.

நடுவதற்கு முன் ஒரு கிழமை, பத்து நாள் வெளியே பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. ஒருமுறை நான் மறந்துபோய் மத்தியான வெயிலில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன், பின்னேரம் வந்து பார்த்தால் இலையெல்லாம் அப்பளம் மாதிரி வெளுத்திருந்தது.

பூ நிறையப் பூக்கிறது, எல்லாம் உதிர்கிறது. (கல்கரி வாசகர்)

பூக்காம்பின் நடுவில் ஒரு சின்ன முட்டி இருக்கும், பாருங்கள். அது மஞ்சளாகிவிட்டால் அந்தப் பூ போய்விட்டது என்று அர்த்தம், தொட்டதும் அந்த முட்டியில்தான் கழன்று விழும். காரணம் பெரும்பாலும் இரவுக் குளிர். 13 பாகைக்குக் கீழே போனால் மகரந்தம் ஒழுங்காக வேலை செய்யாது. கடும் சூட்டிலும் இதே கதைதான், ஆனால் அந்தக் கவலை நமக்கு வருடத்தில் சில நாள்தான்.

மேலே சொன்ன ஓரிகன் ஸ்பிரிங் இதற்காகவே உருவானது. மகரந்தம் சேராமலே காய் பிடிக்கும், முந்தி வரும் பழங்களில் விதையே இருக்காது. மற்ற ரகங்களுக்கு மாலையில் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கம்பு நட்டு மேலே போர்த்துங்கள். வெயில் இறங்குவதற்கு முன் போர்த்த வேண்டும், அப்போதுதான் மண்ணின் சூடு உள்ளே நிற்கும். காலையில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு உள்ளே வராது. தக்காளிப் பூவுக்குத் தேனீயால் பெரிய உதவி இல்லை. குண்டாக மயிர் அடர்ந்து வருமே அந்த வண்டுத்தேனீ, அது பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து மகரந்தத்தை உலுக்கும். அது வராத பல்கனி என்றால் பழைய மின்சாரப் பல்துலக்கியைப் பூக்கொத்தின் காம்பில் ஒரு விநாடி தொடுங்கள். மத்தியானத்தில் செய்தால், மஞ்சள் பொடி புகை மாதிரி வருவது வெயிலில் கண்ணுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை.

பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

செடித் தக்காளிக்கு வேண்டாம். அதன் காய் முழுக்க அந்தக் கிளைகளில்தான். யூரியூப்பில் காட்டுவது கொடி ரகத்துக்கு. மண்ணைத் தொடும் அடி இலைகளை மட்டும் எடுங்கள்.

சாடியில் வைத்த செடியில் காயின் அடி கறுத்துத் தோல் மாதிரி ஆகிறது. முட்டைக் கோது பொடித்துப் போட்டேன், சரிவரவில்லை. (சஸ்கற்றூன் வாசகி)

முட்டைக் கோது மண்ணில் கரைய மாதக்கணக்கு, வருடக்கணக்கு ஆகும் அம்மா, உங்கள் கோடை அதற்குள் முடிந்துவிடும். காய்க்குச் சுண்ணாம்புச் சத்துப் போகாததுதான் காரணம், ஆனால் மண்ணில் அது இல்லாததால் வருவது குறைவு. அது தண்ணீரோடுதான் ஏறும். ஒரு நாள் வாட விட்டு மறு நாள் குடம் குடமாக ஊற்றினால் காயின் அடிவரை போய்ச் சேராது. 20 லீற்றருக்குக் குறைந்த சாடி என்றால் மாற்றுங்கள், ஒவ்வொரு நாளும் அளவாக ஊற்றுங்கள், மேலே வைக்கோல் பரப்புங்கள். கறுத்த காயைப் பிடுங்கி எறியுங்கள், அடுத்து வருவது சரியாகும்.

ஆலங்கட்டி மழைக்கு என்ன செய்வது? (வடகிழக்குக் கல்கரி, மூன்று பேர் தனித்தனியே)

உங்கள் பக்கம்தான் 2020 யூன் 13இலும் 2024 ஓகஸ்ட் 5இலும் வாங்கிக் கட்டிக்கொண்டது, வீட்டுச் சுவரே சல்லடையானபோது தக்காளிக்கு யார் அழுவது. செடி குட்டையாக இருப்பதால் நமக்கு ஒரு வசதி, நாலு கம்பும் ஒரு கம்பிவலையும் போதும், கூரை மாதிரிக் கட்டிவிடலாம், வெயிலும் மழையும் உள்ளே வரும். யூனில் அடிபட்ட செடியை அவசரப்பட்டுப் பிடுங்காமல் பத்து நாள் பாருங்கள், இலைக் கக்கத்தில் இருந்து துளிர்க்கும். ஓகஸ்டில் அடிபட்டால் துளிர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை, இருக்கிற காயைக் காப்பாற்றுங்கள்.

நாங்கள் நோர்வேயின் வடக்கே துரொம்சோவில் இருக்கிறோம். இங்கே கோடையில் சூரியன் மறைவதே இல்லை, அப்படியானால் தக்காளி இரண்டு மடங்கு வேகமாக வளருமா?

வளராது. வெளிச்சம் மிச்சம், சூடு பற்றாது. யூலையிலேயே உங்கள் சராசரி 12 பாகையை ஒட்டித்தான், வெளியே நட்டால் இலை வரும், காய் வராது. கண்ணாடிக் கூடமோ வெயில் படும் மூடிய வராந்தாவோ இருந்தால் சாடியில் செடித் தக்காளி வையுங்கள். நாற்றுக்கு வீட்டுக்குள் விளக்குப் போடும்போது மட்டும் கவனம், 24 மணி நேரமும் எரிய விட்டால் தக்காளி இலை மஞ்சளாகிக் காய்ந்துபோகும், அதற்கும் நித்திரை வேண்டும். வெளியே நடுநிசிச் சூரியன் தாழ்ந்து, மங்கி, குளிர்ந்து வருவதால் அவ்வளவு பாதிப்பு இல்லை.

நாளை உறைபனி என்கிறார்கள், செடி நிறையப் பச்சைக் காய். என்ன செய்வது? (நிறையப் பேர், ஒவ்வொரு செப்டெம்பரும்)

ஒன்றிரண்டு இரவுதான் குளிர், பிறகு வெயில் திரும்பும் என்றால் சேலையைப் போர்த்திச் சமாளியுங்கள். இனித் தொடர்ந்து குளிர் என்றால் அன்று பின்னேரமே எல்லாவற்றையும் பிடுங்குங்கள், பனி பட்ட காய் அழுகும்.

எல்லாப் பச்சைக் காயும் பழுக்காது. ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே விதையைச் சுற்றி வழுவழுப்பாகக் கூழ் வந்திருந்து, கத்தி பட்டதும் விதை வெட்டுப்படாமல் வழுக்கி விலகினால் அந்த அளவுக் காய்கள் பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது பிஞ்சு, கறிக்கு. பழுக்கக்கூடியவற்றை வேறாக்கி, துடைத்து, ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி, அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். அவசரம் என்றால் ஒரு வாழைப்பழத்தைக் கூட வையுங்கள், பழம் பழுக்கும்போது விடும் எதிலீன் வாயு மற்றதையும் பழுக்க வைக்கும், ஊரில் வைக்கோலுக்குள் வாழைக்குலை வைத்து மூடுவதும் இதே கதைதான். வெளிச்சம் தேவையில்லை, வீட்டுச் சூடு போதும், 20 பாகையில் நன்றாகச் சிவக்கும். பிரிட்ஜில் வைத்தால் அப்படியே பச்சையாக இருந்து ருசியும் போய்விடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும்.

பிஞ்சை மெல்லியதாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் மஞ்சளோடு வேக விட்டு, இறக்கும்போது தேங்காய்ப்பால் விட்டால் பால்கறி. கசப்பு இருந்தால் அரிந்ததை உப்புப் போட்டுப் பிசறி பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள்.

என் பெட்டி நிலக்கீழ் அறையில் கொஞ்சம் குளிரான மூலையில் இருந்ததால் மெதுவாகப் பழுத்தது, போன வருடத்துக் கடைசிப் பழத்தை நவம்பர் 20ஆம் திகதி வெட்டினேன், வெளியே மைனஸ் 14. ருசி எப்படி என்றால், கடையில் வாங்கும் குளிர்காலத் தக்காளி மாதிரித்தான். சொதிக்குள் போட்டேன், வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.